வெண்ணெயாக வளைந்த ஜீப்

“…எல்லாத்தையும் தட்டிப் பாத்துட்ட, மோந்து பாத்துட்ட, அடியில பூந்து படுத்துப் பாத்துட்ட. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா மெக்கானிக்கு?”

பேச்சின் பின்பாதிதான் என் காதில் விழுந்தது. முன்பாதியைக் கல் அரைக்கும் மெஷின் விழுங்கிவிட்டது. சொன்னவர் அந்த ஜீப்பின் டிரைவர். என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. முன்சக்கரத்துப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்து முடித்த பம்பரைத் துணியால் மறுபடி துடைத்துக்கொண்டே சொன்னார். பத்தடி தள்ளி குவாரி மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவர் எதிரில் வண்டி வாங்க வந்த நர்ஸம்மா, முன்பணக் கவரை எடுக்கக் கைப்பையைத் திறந்துகொண்டிருந்தார். ஏனென்றால், அதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் நான் தலையை ஆட்டியிருந்தேன்.

இது தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஐப்பசியில் நடந்தது.

பழைய வண்டிகளைப் பரிசோதித்துச் சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். உங்கள் கையில் மெஷின் இருக்கிறது. வண்டியில் செருகினால் அதுவே நோயைச் சொல்கிறது. நல்லதுதான். எனக்கு அப்போது இருந்தது ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ், ஒரு சின்னச் சுத்தியல். படிப்பு எட்டாவது. படப்பையில் ஒரு லாரி பட்டறையில் கிரீஸ் டப்பாவோடு வளர்ந்தவன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் தலையாட்டினால் வாங்குவார்கள். ‘தலையாட்டி மெக்கானிக்’ என்றே பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. முப்பத்திரண்டு வயசில் வரக்கூடாத பெருமை அது.

நர்ஸம்மா பெயர் சகாயமேரி. எல்லோருக்கும் சிஸ்டர். படப்பையில் இரண்டு கட்டில் போட்டு ஒரு பிரசவ மனை நடத்திவந்தார். ஏரிக்கு அக்கரையில் இருந்த சின்ன ஊர்களிலிருந்தும் பெண்கள் அவரிடம்தான் வருவார்கள். வழியில் ஏரியின் கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அந்த இடத்தில்தான் ரோட்டின் குறுக்கே வழிந்து ஓடும். அடியில் ரோடு போய்ச் சேறு நிற்கும். முந்தைய மழைக்காலத்தில் வலியெடுத்த ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். வண்டி கலங்கல் நடுவில் புதைந்துவிட்டது. சிஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. தாய் பிழைத்தாள். அதைப் பற்றி சிஸ்டர் அதிகம் பேசியதில்லை. என்னை வண்டி பார்க்கக் கூப்பிட வந்த அன்று ஒன்று மட்டும் சொன்னார்.

“நாலு சக்கரமும் இழுக்கற வண்டி வேணும்பா. சீட்டு கிழிஞ்சிருந்தா பரவால்ல, கூரை ஒழுகினா பரவால்ல. அந்தத் தண்ணில நிக்கக்கூடாது. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்ச மெக்கானிசம்.”

வாடிக்கையாளர்கள் சொன்ன வார்த்தைகளை நான் ஸ்பானரை விடப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாகத் தன் தேவையைச் சொன்னவர் வேறு யாருமில்லை. அக்கரையில் அந்தக் கார்த்திகைக்குள் பெற வேண்டியவர்கள் ஐந்து பேர் என்றார். ஏரி நிரம்ப ஒரு சாண்தான் பாக்கி.

ஒரகடத்தைத் தாண்டி உள்ளே ஒரு கல் குவாரியில் ஜீப் விற்பனைக்கு இருப்பதாகச் சேதி. பஸ்ஸை விட்டு இறங்கி, குவாரி ரோட்டில் இருவரும் நடந்தோம். தூறல் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. சிஸ்டருக்கு நடை ஓட்டமாக இருந்தது. வெள்ளைப் புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏரிப் பக்கத்து வானத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் அவசரம் என் காலிலும் ஏறிவிட்டது. நாம் சேர்ந்து நடக்கிறவரின் பதற்றம் நம் கண்ணையும் பிடித்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மேனேஜர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “பதினோரு மணிக்கு வெடி வைக்கிறோம். விசில் ஊதிட்டா ஒருத்தரும் இங்க நிக்க முடியாது. மதியம் செங்கல் சூளைக்காரங்க வேற வண்டியப் பாக்க வராங்க” என்றார். மணி அப்போது பத்தேகால்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். வண்டி போய்விட்டால் டிரைவருக்கு இங்கே வேலை இல்லை. சிஸ்டர் விரும்பினால் அவரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகலாம். அந்த டிரைவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. தன் பெயர் நாலு பேர் வாயில் விழுவது அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. நாற்பத்தைந்து வயசு இருக்கும், ஒல்லி உடம்பு, தலையில் கல் தூசி படிந்து எந்நேரமும் நரைத்தது போலத் தெரியும். அந்த ஜீப்பை அவர் மட்டும்தான் பல வருஷமாக ஓட்டிவந்திருந்தார். மேனேஜர் தன்னையும் வண்டியோடு சேர்த்துப் பேசியதைக் கேட்டு அவர் முகம் மாறவில்லை. மெல்ல வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஜீப்பைக் கண்டதும் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. பக்கத்தில் சமதரை எவ்வளவோ இருக்க, சரிவில் கீழ்நோக்கி மூக்கை வைத்து நிறுத்தியிருந்தார்கள். இதைப் பார்த்தால் நம் தொழிலில் யாருக்கும் ஒரே யோசனைதான் வரும். செல்ஃப் எடுக்காத வண்டி. உருட்டிவிட்டுத்தான் கிளப்புகிறார்கள், அதனால் சரிவில் விட்டிருக்கிறார்கள். பிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். மேனேஜர் காதில் விழும்படியே சிஸ்டரிடம் சொன்னேன், “பாத்தீங்களா சிஸ்டர், நிறுத்தியிருக்கற எடமே கதையச் சொல்லுது” என்று. நாலு ஆட்களைக் கூப்பிட்டு வண்டியைச் சமதரைக்குத் தள்ளவைத்தேன். பானெட்டில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன்.

ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது.

மேனேஜர் சிரித்தார். தள்ளியவர்களும் சிரித்தார்கள். அதில் ஒருவர் கையைத் தட்டிக்கொண்டே, “குவாரில எல்லா வண்டியும் இப்படித்தாம்பா நிக்கும். விசில் ஊதுனா திருப்பிக்கினா இருப்பாங்க? நேரா வுட்டுக்கினு போவணும்ல” என்றார். சுற்றிப் பார்த்தேன். டிப்பர், டிராக்டர், மேனேஜரின் ஸ்கூட்டர் உட்பட எல்லாம் அதே சரிவில் வெளிவாசல் பக்கம் மூக்கை வைத்துத்தான் நின்றன. வெடி வைக்கிற இடத்தின் வழக்கம் அது. எங்கள் பட்டறைக்கு வெளியே உலகம் எப்படி நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. தம்பிகளே, தங்கச்சிகளே, நான் அன்று செய்த தப்பு இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. சரிவைப் பார்த்து நினைத்தது தவறு என்பது சின்ன விஷயம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் சந்தேகப்படுவதற்கே வெட்கப்பட்டேன். இன்னொரு முறை வாயைத் திறந்து இன்னொரு முறை சிரிப்பு வாங்கிவிடக்கூடாது என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. மீதி அரை மணி நேரமும் நான் வண்டியைப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் மேனேஜர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தேன். அதை உங்களுக்கு வரிசையாகச் சொல்ல வேண்டியதில்லை. புகை சுத்தம், ஸ்பிரிங் பட்டைகள் உறுதி, அடித்தகட்டில் துரு இல்லை. டயர்களில் தேய்மானம் பார்த்து, நாலின் பக்கவாட்டிலும் வழக்கம்போல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். கடைசியாக முக்கியமான சங்கதி, நாலு சக்கரமும் இழுக்க வைக்கும் லீவர். அதைப் போட்டேன். ‘கடக்’ என்று சுத்தமாக விழுந்தது. வண்டிக்கு அடியில் முன்பக்கம் போகும் தண்டு சுற்றுவதையும் ஆளை விட்டு ஓட்டச் சொல்லிக் கண்ணால் பார்த்தேன். அப்புறம் நானே ஏறி, லாரி எடை போடும் கெட்டித் தரையில் போட்ட லீவரை எடுக்காமலே முழு வளைவாக இரண்டு வட்டம் அடித்தேன். ஸ்டீயரிங் ஒரு விரலுக்கு வந்தது.

இறங்கி வந்து சிஸ்டரிடம் சொன்னேன். “வெண்ணெய் மாதிரி வளையுது சிஸ்டர்.”

அப்போது டிரைவர் ஒரு முறை இருமினார். தூசிதானே என்று விட்டுவிட்டேன்.

நான் தலையாட்டினேன். சிஸ்டர் பையைத் திறந்தார். டிரைவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொடக்கத்தில் சொன்னேனே, அந்தப் பேச்சைப் பேசினார்.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்தக் காலத்தில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. விற்கிறவன் தரப்பு ஆளிடம் எதையும் கேட்கக்கூடாது. அவன் சம்பளம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் அவன் பதிலும் வரும். வண்டி பொய் சொல்லாது, ஆள் சொல்வான். இப்படி நானே ஒரு வேதம் எழுதிவைத்திருந்தேன். இவர் வேறு இந்த வண்டியோடு சிஸ்டரிடம் வேலைக்குப் போகிறவர். சிஸ்டர் வாங்கினால் அவருக்கு அங்கே வேலை, வாங்காவிட்டால் அது இல்லை. இவரிடம் என்ன கேட்பது?

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. விற்றால் வேலை கிடைக்கப்போகிற ஆள் எதற்காகக் ‘கேட்டியா’ என்கிறார்? சும்மா இருந்தால் போதுமே அவருக்கு. பம்பரைத் துடைக்கிற அந்தக் கையைப் பார்த்தேன். ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

சரி, கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? மேனேஜர் பத்தடியில் நிற்கிறார். “வண்டியில என்ன கோளாறு?” என்று நான் கேட்டு, இவர் வாயால் சொன்னால் அந்த நிமிடமே வேலை போய்விடும். சிஸ்டரும் வண்டி வேண்டாம் என்று போய்விட்டால் அந்த வேலையும் இல்லை. தனியாகக் கூட்டிப் போனாலும் மேனேஜருக்குத் தெரிந்துவிடும். விசிலுக்கு நேரம் நெருங்குகிறது. சிஸ்டர் கவரை வெளியே எடுத்தேவிட்டார். என் உள்ளங்கால் அரித்தது. அவர் ஒரு வார்த்தையும் பேசாமலே பதில் சொல்லும்படி ஒரு கேள்வி வேண்டும். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் வேறு எதற்கும் யோசித்ததில்லை.

சத்தமாக, சாதாரணமாகக் கேட்டேன். “அண்ணே, சிஸ்டராண்ட வந்தா கலங்கல்ல எறக்குறது நீங்கதான். ஒரு தடவ நீங்க ஓட்டிக் காட்டுங்க. நீங்க எப்படி எறக்குவீங்கன்னு அவங்களும் பாக்கட்டும்.”

“எறக்குவான், எறக்குவான். அவனுக்கு என்னா” என்றார் மேனேஜர்.

டிரைவர் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. சிஸ்டரைப் பார்த்துக் கேட்டார்.

“பின்னாடி ஆள் இருக்கும்போதாம்மா எறக்கணும்?”

“வலியோட ஒருத்தி படுத்திருப்பா. பக்கத்துல நான் இருப்பேன்” என்றார் சிஸ்டர்.

டிரைவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். லீவரைப் போட்டார், நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டே போட்டார். வண்டி ரோட்டுப் பக்கம் போகவில்லை. கல் அரைக்கும் மெஷினுக்குக் கீழே மழைத்தண்ணீரும் கல் மாவும் கலந்து தோசை மாவு போல ஒரு குளம் தேங்கியிருந்தது. நேராக அதற்குள் விட்டார். நடுவில் போய், வேண்டுமென்றே நிறுத்தினார். பின்பு ஆக்ஸிலேட்டரை அழுத்தினார்.

பின்சக்கரங்கள் இரண்டும் சுழன்று மாவை வானத்துக்கு வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் அசையவே இல்லை. சேற்றுக்கு மேலே தெரிந்த என் சாக்பீஸ் கோடு இருந்த இடத்திலேயே நின்றது. இன்னும் அழுத்தினார். வண்டியின் பின்பாகம் புதைந்துகொண்டே போனது. கோடு நகரவில்லை.

சிஸ்டர் கவரைப் பைக்குள் வைத்தார். பையின் ஜிப்பை மூட அவர் மூன்று முறை இழுக்க வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். முன் அச்சுக்குள்ளே சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் ஒன்று எப்போதோ உடைந்திருக்கிறது. லீவர் விழும், அடியில் தண்டு சுற்றும், கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் ஒரு பக்கம் உடைந்தாலே போதும், இரண்டு முன்சக்கரத்துக்கும் இழுப்பு போகாது. இதைக் கண்டுபிடிக்கக் குளம்கூட வேண்டாம். அந்தக் காலத்து ஜீப்பில் நாலு சக்கரமும் நிஜமாக இழுத்தால், கெட்டித் தரையில் முழுசாக வளைக்கும்போது வண்டி முரண்டு பிடிக்கும், ஸ்டீயரிங் கையோடு மல்லுக்கட்டும். அது நல்ல வண்டியின் அடையாளம். எனக்குத் தெரியாத விஷயமில்லை. பட்டறையில் எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு முரண்டு இல்லை என்பதைத்தான் நான் வெண்ணெய் என்று மெச்சினேன். சரிவைப் பார்த்து இல்லாத நோயைச் சொன்னேன், ஸ்டீயரிங் வாய்விட்டுச் சொன்ன நோயை நல்ல குணம் என்றேன். நடுவில் இருந்தது நாலு பேர் சிரிப்பு.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். செங்கல் சூளைக்காரர்கள் சேதி தெரிந்து வரவில்லை. இரண்டாம் நாள், சரிசெய்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜரே ஆள் அனுப்பினார். நானும் பட்டறையில் இன்னொருவரும் இரண்டு நாள் உட்கார்ந்து ஷாஃப்ட்டை மாற்றினோம். இந்த முறை எடை மேடையில் வளைத்தபோது வண்டி முரண்டு பிடித்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிஸ்டர் வண்டியையும் எடுத்தார், டிரைவரையும் எடுத்தார். ஏரி அடுத்த வாரம் நிரம்பியது. ஐந்து பேரில் மூன்று பேரைக் கலங்கலில் இறக்கித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. மூன்று முறையும் வண்டி நிற்கவில்லை. மூன்றாவது முறை நானும் முன்சீட்டில் இருந்தேன். தண்ணீர் கால்பலகைக்கு மேல் வந்தபோது நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன், பின்னால் அந்தப் பெண் சிஸ்டரின் வளையலைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள். டிரைவர் மட்டும் மெதுவாக, “இப்ப இன்னா சொல்ற மெக்கானிக்கு, வெண்ணையா?” என்றார்.

அதன் பிறகு நான் எந்த வண்டியைப் பார்த்தாலும், பானெட்டைத் தொடுவதற்கு முன்னால் அதை ஓட்டியவர் யார் என்று கேட்டுக்கொண்டுதான் தொட்டேன். அவர் வாயால் சொல்ல முடியாத நிலையில் இருந்தால், அவர் கை எங்கே போகிறது, எதைக் கேட்டால் இருமுகிறார் என்று பார்த்தேன். உங்கள் மெஷினில் அதற்கு ஒரு கட்டம் இருக்காது. நீங்களாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. கேட்கும்போது, பதில் சொல்கிறவர் அதற்கு என்ன விலை கொடுப்பார் என்பதையும் சேர்த்து யோசித்துவிட்டுக் கேளுங்கள். அன்று நான் எவ்வளவு சாமர்த்தியமாகக் கேட்டதாக நினைத்தாலும், விலையைக் கொடுத்தது அவர்தான். எனக்குத் தெரிந்த பின்கதை அப்போது அவருக்குத் தெரியாது. வண்டி விற்காமல் போனாலும் சிஸ்டர் தன்னை வேலைக்கு வைத்துக்கொள்வார் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. குளத்துக்குள் வண்டியை விட்டபோது அவருக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு வேலையும் அதே சேற்றில் புதைகிறது என்பதுதான்.

அன்று மேனேஜர் கரையில் நின்று, “வெளிய எட்றா வண்டிய, விசில் ஊதப்போறாங்க” என்று கத்தினார். ஆட்கள் கயிறு தேடி ஓடினார்கள். சிஸ்டர் ஏரிப் பக்கத்து வானத்தையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் சாக்பீஸை விரலால் பொடித்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். சீட்டைத் தூக்கி, அடியிலிருந்து சாக்குத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தையும் தன் டிபன் பாக்ஸையும் எடுத்தார். முழங்கால் அளவு மாவுக்குள் இறங்கி நடந்து கரையேறினார். சாவியை மேனேஜர் கையில் வைத்தார். பொட்டலத்தை என் கையில் வைத்தார். கனத்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே அந்த உடைந்த ஷாஃப்ட் துண்டு, துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவி வைத்திருந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் குழாயடிக்குப் போய்விட்டார். டிபன் பாக்ஸைத் திட்டில் வைத்தார். பதினோரு மணி விசில் ஊதியது. எல்லோரும் வாசல் பக்கம் ஓடினோம். அவர் குழாயைத் திறந்து, காலில் ஒட்டிய கல் மாவை நிதானமாக, விரலிடுக்கு விரலிடுக்காகக் கழுவிக்கொண்டிருந்தார்.